அப்டேட்: செத்துக்கிடந்த நம்ம ஃபுட்பால் குரூப் இப்போ எப்படி இருக்கு

போன தடவை புலம்பியிருந்தேனே, குரூப்ல 60 பேர் இருக்காங்க ஆனா மேட்ச் அன்னிக்கு மட்டும்தான் சத்தம், மத்த நாள்ல மயான அமைதின்னு, அதோட தொடர்ச்சி இது.

இப்போ 400 தாண்டியாச்சு! போஸ்டர் போட்டு ஷேர் பண்ணதெல்லாம் சுத்த வேஸ்ட். பழைய மேட்ச் ஒண்ணை எடுத்து எல்லாரும் சேர்ந்து அலசுங்கன்னு ஒருத்தர் சொன்னீங்க பாருங்க, அதுதான் கை கொடுத்துச்சு. முதல்ல 2022 வேர்ல்ட் கப் ஃபைனல். பிரான்ஸுக்கு எதிரா அர்ஜென்டினா 2-0ன்னு ஜாலியா போய்ட்டு இருக்கு, பிரான்ஸோட எம்பாப்பே 80, 81ன்னு அடுத்தடுத்த நிமிஷத்துல ரெண்டு கோல் போட்டு விட்டாரு, அதுக்கு யார் காரணம்னே மூணு நாள் சண்டை. அப்புறம் 3-3ல இருக்கும்போது கடைசி நேரத்துல பிரான்ஸோட கோலோ முவானி அடிச்சதை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தாரே, அதுக்கு தனியா ரெண்டு நாள். கடைசில அர்ஜென்டினா ஜெயிச்ச பெனால்டி ஷூட்அவுட் 4-2 பத்தி பேச ஆளே மிச்சம் இல்ல.

மெஸ்ஸியா ரொனால்டோவான்னு ஆரம்பிச்சா ஒரு நாள் மியூட். கொடுமைதான், ஆனா வேற வழியில்ல.

இன்னும் தீராத தலைவலி ஸ்பாய்லர். டிவில பாக்குறவன் "கோல்ல்ல்"னு கத்துவான், மொபைல் ஸ்ட்ரீம்ல பாக்குறவனுக்கு அப்போதான் கார்னரே எடுத்துட்டு இருப்பாங்க. லைவ் பேச்சுக்கு தனி குரூப் போட்டுருக்கேன், பாப்போம்.