காசிமேட்டு நெகட்டிவ்களில் ஃபங்கஸ்: கழுவலாமா?

ராயபுரத்துக்காரன்:
வணக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் கேமரா அக்ஃபா க்ளிக் 3, மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழையதாக வாங்கியது. 120 ரோலில் 12 படம்தான். அப்புறம் பர்மா பஜாரில் பேரம் பேசி ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35. இப்போது நிக்கான் டி7000. டிஜிட்டல் வந்த பிறகு நான் ஃபிலிம் பக்கம் போகவில்லை. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று புலம்புகிற ஆளும் இல்லை.

ஆனால் 80களில் காசிமேட்டில் யாஷிகாவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களை விட மனசில்லை. விடியற்காலையில் பாய் விரித்துக் கரைக்கு வரும் கட்டுமரங்கள், மணலில் கட்டைகளை அவிழ்த்துக் காயவைப்பவர்கள், ஏலம் கூவும் பெண்கள். இன்று அங்கே போனால் ஃபைபர் படகும் விசைப்படகும்தான். எந்தக் கேமராவை வைத்துக்கொண்டும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

அந்த நெகட்டிவ்களைப் பட்டர் பேப்பர் உறையில் போட்டுத் தகர டப்பாவில் வைத்திருந்தேன். கடல் காற்று சும்மா விடுமா? சில பட்டைகள் உறையோடு ஒட்டிவிட்டன. சிலவற்றில் வெள்ளையாக நூல் நூலாக ஃபங்கஸ். ஒரு ஸ்டுடியோவில் கேட்டால், "இதெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்கிறார்கள். தண்ணீரில் கழுவினால் போகுமா? வீட்டிலேயே ஸ்கேன் செய்ய வழி உண்டா?

வியாசர்பாடி இருட்டறை:
அண்ணே, ஒட்டியதை உரிக்காதீங்க, படம் உறையோடு வந்துவிடும். உறையோடு அப்படியே டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிடுங்கள். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு ஊறியதும் தானாக விடும். மே மாதம் என்றால் தண்ணீர்த் தட்டைச் சுற்றி ஐஸ் வையுங்கள். டி-76 ரசாயனம் கலக்கி ஃபிலிம் டெவலப் செய்த காலத்தில் 20 டிகிரிக்குக் கொண்டுவர நாம் பட்ட பாடு தெரியுமே!

எண்ணூர் லென்ஸ்:
ஒட்டியதற்கு அவர் சொல்வது சரி. ஃபங்கஸ் இருப்பதை மட்டும் தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள் ஐயா. பூஞ்சை ஜெலட்டினைத் தின்னும். தின்ற இடம் தண்ணீர் பட்டதும் கரையும், படமும் அதோடு போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். முதலில் படம் இல்லாத நுனியில் சோதித்துப் பாருங்கள். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 சதவீதம், மீதி தண்ணீர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் 99 சதவீதம் வாங்குங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

ஸ்கேனருக்குச் செலவழிக்காதீர்கள். தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி வெள்ளி உள்ள கருப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. உங்கள் டி7000 போதும். மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ், நெகட்டிவுக்குக் கீழே எல்இடி பேனல், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, கேமரா பதப்படுத்தாத ரா ஃபைல். பிறகு கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம்.

ராயபுரத்துக்காரன்:
ரொம்ப நன்றி தம்பி. நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், பஞ்சில் கறுப்பாக வந்துவிட்டது. ஆல்கஹாலில் ஒன்றும் ஆகவில்லை. மேக்ரோ லென்ஸ் இல்லை, 50 எம்எம் இருக்கிறது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டால் போதுமா?

எண்ணூர் லென்ஸ்:
தாராளமாக. நெகட்டிவின் பளபளக்காத பக்கம் லென்ஸைப் பார்க்க வையுங்கள், பிறகு படத்தை இடவலமாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் படகில் எழுதிய பதிவு எண் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியும்!