பிள்ளைகளின் சாண்ட்விச்சில் ஹாம், சலாமிக்குப் பதிலாக என்ன வைக்கிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

ஸ்காபுறோ அம்மா:
கொஞ்ச நாளாகவே மனதை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். இங்கே டொராண்டோவில் பல பள்ளிக்கூடங்களுக்கு, ஒவ்வாமைப் பயத்தால், கடலை வெண்ணெய் கொண்டுபோகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் மகனுக்குப் பாணுக்குள் வான்கோழி ஹாம்தான். இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் நைட்ரைட் என்ற உப்பு உடம்புக்கு நல்லதில்லை என்கிறார்களே, அதனால் விலை கூட என்றாலும் ‘நைட்ரைட் சேர்க்கவில்லை’ என்று போட்டிருக்கும் பாக்கெட்டையே பார்த்து வாங்குவேன். கடையில் இறைச்சி வெட்டும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் வித்தியாசம் என்ன என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டைத் திருப்பி, நகத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ‘செலரியில் இயற்கையாக உள்ளதைத் தவிர.’ அத்தனை பொடி எழுத்து.

செலரியில் நைட்ரேட் நிறைய. பாக்டீரியாவைக் கொண்டு அதை நைட்ரைட்டாக மாற்றித்தான் சேர்க்கிறார்கள். இறைச்சிக்குள் போனபின் எல்லாம் ஒரே நைட்ரைட்தான். அந்த இளஞ்சிவப்பு நிறமும் அதனால் வருவதே.

இப்போது ஞாயிறு பின்னேரம் கோழி நெஞ்சுக்கறியில் மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி பிரட்டி ஓவனில் வைக்கிறேன். நடுவில் 74 டிகிரி வந்ததும் எடுத்து, ஆறவிட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் நாருக்குக் குறுக்காக வெட்டினால் மெல்லிசாக வரும். சூட்டோடு வெட்டினால் உதிரும். முதல் நாள் மகன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏன் அம்மா இது வெள்ளையா இருக்கு?” என்றான். இறைச்சி என்றால் இளஞ்சிவப்பு என்றே பிள்ளைக்குப் பழகியிருக்கிறது. அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவேயில்லை.

அண்ணா நகர் சித்தி:
சென்னையிலும் இதேதான். லீவுக்கு வந்த அக்கா பெண்ணுக்குக் காலையில் இட்லி வேண்டாம், சிக்கன் சாசேஜ்தான் வேண்டும். “கோழிதானே, என்ன ஆகிடும்?” என்றாள் அக்கா. பாக்கெட்டைத் திருப்பினால், உணவில் சேர்க்கும் பொருளுக்கான எண், ஐஎன்எஸ் 250. சோடியம் நைட்ரைட். அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முட்டையை மெல்லிசாக ஊற்றி, சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுத்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிட்டது குழந்தை.

செட்டிநாட்டான்:
எதற்கு இவ்வளவு யோசனை? நம் உப்புக்கண்டம் இருக்கிறதே. ஆயா வீட்டு முற்றத்தில் உப்பும் மஞ்சளும் தடவிய ஆட்டுக்கறியைக் கயிற்றில் கோத்துக் காயவிடுவார்கள். காக்கை வராமல் குச்சியோடு நான் காவல். நன்றாகக் காய்ந்த துண்டைக் கல்லில் தட்டினால் டக்கென்று சத்தம் வரும். ஒரு ரசாயனமும் கிடையாது. இதைவிட நல்ல மாற்று வேண்டுமா?

கோவை வாசகி:
செட்டிநாட்டான் அவர்களே, இதை அப்படியே விட முடியாது. அப்பாவுக்குக் குடலில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியை எடுத்தபோது, சாசேஜ், பேக்கன் சாப்பிடுவீர்களா என்று டாக்டர் கேட்டார். “அதெல்லாம் இல்லீங்க, உப்புக்கண்டம்தான்” என்றார் அப்பா, பெருமையாக. டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “அதும் அதேதாங்க” என்றார்.

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. உப்பிட்டது, புகையூட்டியது, நொதிக்கவைத்தது எல்லாம் அதில் அடங்கும். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. அதற்காகச் சிகரெட்டுக்குச் சமம் என்று வாட்ஸப்பில் பரப்புவதும் தப்பு. சான்று எவ்வளவு உறுதி என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிவு. ஆபத்தின் அளவை வைத்து அல்ல.

அம்மாக்களுக்கு இன்னும் கொஞ்சம். வேகவைத்த கோழி ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள்தான் தாங்கும். மீதியைத் துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். உப்பையும் பாருங்கள்: பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும். தினம் கறிதான் வேண்டும் என்றில்லை. வெந்த கொண்டைக்கடலையை எலுமிச்சை, சீரகம் போட்டு மசித்துத் தடவலாம். பனீரை மிளகு போட்டுப் புரட்டி வைக்கலாம். தண்ணீரில் அடைத்த சூரை மீன் டின் என்றால் வடித்து, கெட்டித் தயிரில் கலந்தால் போதும். பையில் ஐஸ் பேக் வைக்க மறக்காதீர்கள்.

மிசிசாகா மருமகள்:
எல்லோரும் நைட்ரைட்டையே பேசுகிறீர்கள். எனக்கு லிஸ்டீரியா என்றால்தான் நடுக்கம். அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி, கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. நான் கர்ப்பமாக இருந்த ஆறாம் மாதம், அலுவலகக் கூட்டத்தில் சில்லென்ற ஹாம் சாண்ட்விச் மட்டும்தான் இருந்தது. நல்ல பசி. ஹாமை உருவியெடுத்து மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினேன். பக்கத்தில் நின்ற வயதான சக ஊழியர், “நல்ல காரியம் செய்தாய்” என்றார். 2008-ல் கனடாவில் வெட்டி விற்ற இறைச்சியில் இந்தக் கிருமி பரவி இருபது பேருக்கு மேல் இறந்தார்களே, அப்போது அவருடைய அம்மா முதியோர் இல்லத்தில் இருந்தாராம். தினமும் ஃபோன் போட்டு, இன்று மதியம் என்ன கொடுத்தார்கள் என்று கேட்பாராம். அவர் அதைச் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

செட்டிநாட்டான்:
கோவை வாசகி, அப்பா நலமாக இருக்கட்டும். ஆனால் 50 கிராம் கணக்கு தினமும் தின்பவர்களுக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் உப்புக்கண்டம் மழைக்காலத்தில் எப்போதாவது பொரிப்பார்கள், தலைக்கு இரண்டு துண்டு. அதையும் பள்ளிக்கூடம் திறந்த நாளெல்லாம் டிபன் பாக்ஸில் போகும் ஹாமையும் ஒன்றாக வைப்பது எந்த வகையில் நியாயம்? பதில் சொல்லுங்கள்.