கியர்பாக்ஸ் பேன் போல்ட்டின் மரை போய்விட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி:
என் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றிவிட்டுப் அதன் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனைத் திரும்பப் பூட்டும்போது, எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் ஒன்று இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தபோது, அதன் மரைகளில் அலுமினியம் மெல்லிய சுருளாக ஒட்டியிருந்தது. ஒரு சைஸ் பெரிய போல்ட் போடலாமா?

பதில் 1:
வேண்டாம், நண்பரே. அப்படிச் செய்தால் பேனிலுள்ள ஓட்டையையும் பெரிதாக்க வேண்டிவரும். அலுமினியக் கூட்டின் விளிம்பும் மெலிந்துவிடும். ஹெலிகாயில், அதாவது துளைக்குள் திருகிப் புது மரையாக வைக்கும் கம்பிச் சுருள், போடுவதே சரியான வழி. 1.0 பிட்ச் (மரைகளுக்கிடையே 1 மி.மீ. இடைவெளி) எம்6 போல்ட்டுக்கு 6.3 மி.மீ. டிரில்லால் சாயாமல் துளையிட்டு, ஹெலிகாயில் கிட்டில் வரும் டேப்பால் (மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, சுருளை மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி திருகி இறக்கியபின், அதன் அடிமுனையிலுள்ள சிறு வாலை உடைத்து மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். துளையின் ஆழத்தை முன்பே அளந்து டிரில்லில் அடையாளமிடுவது அவசியம்; ஆழம் மீறினால் கூடே ஓட்டையாகிவிடக்கூடும்.

பதில் 2:
எனக்குக் கவலை தருவது உலோகத் தூள்தான். ஆயில் அழுத்தத்தால் கியரை மாற்றும் வால்வ் பாடியைப் பஞ்சு உதிராத துணியால் மூடி, டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னோக்கித் திருப்பி வெட்டுங்கள். ஒரு சிறு துணுக்கு வால்வில் சிக்கினாலும் கியர் மாறுவது கெட்டுவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஹெலிகாயில் போட்டு, மேனுவலில் உள்ளபடி டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 10 நியூட்டன் மீட்டர் வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கினேன். இரண்டு நாளாக ஒரு சொட்டும் கசியவில்லை.