அப்பாவுக்குச் செய்த பெல்ட் நீண்டுகொண்டே போகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. தோல் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை சாவிக்கொத்து, கார்டு பர்ஸ் என்று சின்னச் சாமான்கள்தான். போன மாதம் அப்பாவுக்காக முதல் பெல்ட். சென்னை பெரியமேட்டில் மாட்டுத்தோல் வாங்கி, 35 மி.மீ. அகலத்தில் வெட்டி, பக்கிள் மடிப்பை இரண்டு ஊசி போட்டுக் கையாலேயே தைத்தேன். பக்கிளிலிருந்து நடு ஓட்டை வரை அவருடைய பழைய பெல்ட்டின் அளவையே எடுத்தேன்.

மூன்றே வாரத்தில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அப்பா இளைக்கவில்லை, தோல்தான் நீண்டுவிட்டது. வட்டமாகக் குத்திய ஓட்டை இப்போது முட்டை வடிவில் இருக்கிறது. வயிற்றுப் பகுதித் தோலை வெட்டிவிட்டேனோ என்று சந்தேகம். முதுகுப் பகுதிதான் அதிகம் இழுபடாது என்பது தெரியும். ஆனால் கடையில் துண்டாகக் கிடக்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? இழுத்துப் பார்த்தால் போதுமா?

அப்புறம் ஓரம். தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தபோது பளபளத்தது, காய்ந்ததும் பஞ்சு மாதிரி பிசிர் எழும்பிவிட்டது. வெட்டிய இடத்தில் நடுவே லேசான நீலம் தெரிகிறது. மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், இது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல்தானே? அப்படியானால் ஓரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் வழியா?

உள்பக்கம் நைலான் நாடா வைத்துத் தைத்து இதையே காப்பாற்ற முடியுமா? அப்பா இன்னமும் தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.