32 விநாடியில் அறுந்துபோகும் அழைப்பு: தேன் கடைக்கு எந்த மென்பொருள் சரிவரும்?

மார்த்தாண்டத்தில் தேன் அடைத்து விற்கிறோம். கடைக்கு ஒரே நம்பர், அது மூன்று போனிலும் அடிக்க வேண்டும் என்றுதான் இன்டர்நெட் காலிங் போட்டோம். மூன்று வாரமாகச் சிக்கல்: வருகிற அழைப்பை எடுத்தால் சரியாக 32 விநாடியில் அறுந்துவிடுகிறது. நேற்று அம்மா நோட்டில் ‘ரப்பர் தேன் (ரப்பர் தோட்டத்துத் தேன்), 5 கிலோ’ என்று எழுதி, பெயர் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. சீசன் நேரம், மனசு கேட்கவில்லை.

மூன்றும் ரெட்மி 12, ஆண்ட்ராய்டு 13. ஃபைபர் 100 எம்பிபிஎஸ். ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ்ஸே தாராளம், அதனால் வேகம் காரணமில்லை. ரவுட்டரில் இன்டர்நெட் அழைப்புத் தகவலை இடையில் மாற்றும் சிப் ஏஎல்ஜி (SIP ALG) வசதியை அணைத்தாச்சு. அழைப்புத் தகவல் போகும் முறையை யுடிபியிலிருந்து (UDP) டிசிபிக்கு (TCP) மாற்றியும் அதே கதை. பேட்டரி கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன். மொபைல் டேட்டாவில் நன்றாகப் பேச முடிகிறது, ஆனால் கடை பள்ளத்தில் இருப்பதால் சிக்னல் நிற்காது. அப்புறம், ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) இணைய முகவரி 100.72 என்று தொடங்குகிறது. அதாவது சிஜிநாட் (CGNAT): பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கிறோம், எங்களுக்கென்று தனி பொது ஐபி கிடையாது. வாட்ஸ்அப் இருக்கிறது, ஆனால் பட்டன் போனிலிருந்து கூப்பிடும் பெரியவர்களுக்கு அது உதவாது.

சிஜிநாட் இணைப்பிலும் அறுபடாமல், ஒரே நம்பரை மூன்று போனில் அடிக்க வைக்கும் மென்பொருள் எதை நம் மாவட்டத்தில் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்?