கராகஸ் ஏட்டிலிருந்து ரோம் நாடாளுமன்றத்துக்கு: வெளிநாட்டு இத்தாலியர்க்குத் தனி இடங்கள் தேவையா?

ஏடறிந்தவன்:
கயெத்தானோ பாஃபிலே 1950ஆம் ஆண்டு வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் 'லா வோச்சே தித்தாலியா' என்ற இத்தாலிய ஏட்டைத் தொடங்கினார். அதே ஏட்டில் இதழாளராக இருந்த அவருடைய மகள் மரீசா பாஃபிலே, 2006இல் தென் அமெரிக்க இத்தாலியரின் உறுப்பினராக ரோம் நாடாளுமன்றத்தின் கீழவைக்குச் சென்றார். தூதரக வரிசை, முதியோர் ஓய்வூதியம், குடியுரிமைத் தாள்கள் ஆகியவை புலம்பெயர்ந்தோர் ஏட்டுக்கு அன்றாடச் செய்திகள். அவற்றைக் கேட்டும் எழுதியும் பழகியவரே அம்மக்களுக்காக அவையில் பேசத் தக்கவர் என்பது என் உறுதியான கருத்து.

தராசு:
அவருடைய தகுதியை நான் மறுக்கவில்லை. என் எதிர்ப்பு அந்த இடங்களின் மீதுதான். 2006இல் பிரதமரான ரொமானோ புரோடியின் கூட்டணி, வெளிநாட்டில் வாழும் இத்தாலியர் வாக்களிக்கும் தொகுதியின் ஆறு செனட் (மேலவை) இடங்களில் நான்கை வென்றிராவிட்டால் அதற்கு மேலவையில் பெரும்பான்மையே கிடைத்திராது. இத்தாலியில் வாழாதவர்கள், அங்கு வாழ்பவர்களின் வரியையும் பள்ளிகளையும் முடிவு செய்யும் அரசைத் தீர்மானிப்பது நியாயமா? அவர்கள் செலுத்தும் அஞ்சல் வாக்கின் நம்பகத்தன்மையும் ஐயத்துக்குரியது. 2018இல் தென் அமெரிக்காவிலிருந்து தேர்வான ஒரு செனட்டரின் இடம், வாக்குச்சீட்டு மோசடி காரணமாக 2021இல் பறிபோனது. மேலும், தூதரகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய மரீசா போன்ற இதழாளர் ஆளும் கூட்டணியில் அமர்ந்தால், அந்தக் கேள்வியை யார் கேட்பது?

ஏடறிந்தவன்:
அவையில் எழுந்து கேட்கும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். ஏட்டில் எழுதும் கேள்வியை அவர் படிக்காமலே விட்டுவிடலாம். 2006இல் கீழவையில் 12 ஆக இருந்த வெளிநாட்டு இடங்கள், நாடாளுமன்ற இடங்களைக் குறைத்த 2020ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்புக்குப் பின் 8 ஆகிவிட்டன. வெளிநாட்டில் பதிவு செய்த இத்தாலியர் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அதாவது, ஓர் உறுப்பினருக்கு ஏழரை இலட்சம் பேர். உள்நாட்டிலோ ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர்தான். இதற்குமேலும் குறைக்க வேண்டுமா?

கரையோரம்:
தராசு அவர்களே, 2025 மார்ச்சில் வந்த அவசரச் சட்டம், வெளிநாட்டில் பிறப்போரின் வம்சாவளிக் குடியுரிமையைப் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறையோடு நிறுத்தியது. வெளிநாட்டு இத்தாலியருடைய பேரப்பிள்ளைகளின் உரிமையைத் தொடும் சட்டம் ரோமில்தான் இயற்றப்படுகிறது. இப்படியிருக்க, அங்கு அவர்களுக்குக் குரல் வேண்டாம் என்பதை எப்படி ஏற்பது?

தராசு:
அது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். இடங்கள் இருக்கட்டும், ஆனால் வாக்கைத் தூதரகத்தில் நேரில் செலுத்தச் செய்ய வேண்டும்.

ஏடறிந்தவன்:
தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள பாத்தகோனியாவின் சிற்றூரில் வாழும் எண்பது வயது மூதாட்டி அந்த ஒரு வாக்குக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கும். மோசடியைத் தடுக்க அவருடைய வாக்கையே இழக்கச் செய்ய நான் உடன்பட மாட்டேன்.