400 கேமா? எண்ணிப் பார்த்தீர்களா?

செல்லூரான்:
கையில் வைத்து ஆடுகிற ஐந்நூறு ரூபாய் வீடியோ கேம் பாக்ஸைப் பற்றி நேற்று தெப்பக்குளத்தார் "400 கேமும் வேறு வேறு, ஒன்றுகூடத் திரும்ப வராது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டவுன்ஹால் ரோட்டில் அதே பாக்ஸை மகளுக்கு வாங்கினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டில் எழுதினோம். 31ஆம் நம்பரில் வரும் டாங்கி கேம்தான் 212லும் வருகிறது. செங்கல் சுவர் மட்டும் பச்சை. பெயரை மாற்றினால் கேம் மாறிவிடுமா?

தெப்பக்குளத்தார்:
அண்ணே, மெனுவில் 400 பெயர் இருக்கிறது, அப்போது 400 கேம்தான். நீங்கள் டூப்ளிகேட்டை வாங்கிவிட்டு என்னைப் பொய்யனாக்க வேண்டாம்.

செல்லூரான்:
இதில் ஒரிஜினல் எங்கே இருக்கிறது? உள்ளே இருப்பதே 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்கிற டிவி கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த சிப். சூப்பர் மரியோ கேம் முழுசும் 40 கிலோபைட்தான், சிப்பில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் கான்ட்ரா என்கிற துப்பாக்கிச் சண்டை கேமையே ஐந்து தடவை போட்டிருக்கிறார்கள். ஒன்றில் 30 உயிர், இன்னொன்றில் எடுத்த எடுப்பில் அருவி லெவல். 31ஐயும் 212ஐயும் திறந்து பாருங்கள்.

வாடிப்பட்டி அக்கா:
நம்பரை விடுங்கள் தம்பிகளா, பேட்டரியைப் பேசுங்கள். எங்கள் வீட்டுப் பாக்ஸில் நோக்கியா பட்டன் போனில் போடுகிற பிஎல்-5சி மாதிரிதான் இருக்கிறது. சேவ் பண்ணவும் வழி இல்லை. மரியோவில் எட்டாவது உலகம் வரை போன பையன், சார்ஜ் இறங்கியதும் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

பழங்காநத்தம்:
ஐந்நூறா? விளக்குத்தூண் பக்கம் 350க்குக் கேட்டேன், கொடுத்தார்கள். பேரம் பேசத் தெரியாதவர்கள் இங்கே கேமை எண்ணுகிறார்கள்.

செல்லூரான்:
நான் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. 31ம் 212ம் ஒன்றா இல்லையா? அதற்கு மட்டும் பதில் வரவில்லை. போன பொங்கலுக்கு இதே தெப்பக்குளத்தார் பேச்சைக் கேட்டு வாங்கிய பவர் பேங்க் ஒரே மாதத்தில் உப்பிப்போனது. அன்றைக்கும் இப்படித்தான் மழுப்பினார்.

தெப்பக்குளத்தார்:
பவர் பேங்கை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டது நீங்கள். அப்புறம், சுவர் பச்சையாக இருந்தால் அது வேறு கேம்தான். என் பிள்ளைகள் ஏவி ஒயரைச் செருகி டிவியில் ஆடுகிறார்கள், ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பழங்காநத்தம்:
ஏவி ஒயர் எனக்கு வரவில்லையே?

செல்லூரான்:
பிள்ளைகள் குறை சொல்லாவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா? என் மகள் மூன்றாவது படிக்கிறாள், அவளே "அப்பா, இது முன்னாடியே வந்துச்சு" என்று கண்டுபிடித்தாள். நாளைச் சாயங்காலம் தெப்பக்குளம் மேற்குக் கரைக்கு நோட்டோடு வருகிறேன். உங்கள் பாக்ஸை எடுத்து வாருங்கள். 31, அப்புறம் 212.

தெப்பக்குளத்தார்:
நான் எதற்கு வர வேண்டும்? வாங்கின எனக்குத் தெரியும். 400தான்.

செல்லூரான்:
31. 212. ஆறு மணிக்கு இருப்பேன்.

வாடிப்பட்டி அக்கா:
அந்தப் பேட்டரி நல்லதாக எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன்.